யாருடைய மெஷின் இது?

"நம்மகிட்ட மொத்தம் எத்தனை சர்வருங்க இருக்குது?"

2024 தொடக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் எங்கள் நிர்வாக இயக்குநர் கேட்ட கேள்வி இது. கோவைக்குப் பக்கத்தில் நூற்பாலை, நெசவு, ஆயத்த ஆடை மூன்றையும் நடத்தும் ஒரு குழுமத்தின் கணினிப் பிரிவில் அப்போது வேலை பார்த்தேன். எங்கள் சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்த விஎம்வேரிலேயே தொடர்வதா, வேறு தளத்துக்கு மாறுவதா என்று முடிவெடுக்க வேண்டிய நேரம். மேலாளர் ஓர் எண்ணைச் சொன்னார். பேக்கப் பார்க்கிறவரின் அறிக்கையில் வேறோர் எண். ஆடிட்டருக்குக் கொடுத்திருந்த சொத்துப் பட்டியலில் இன்னோர் எண். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் ஓடுகிற மெஷின்களை எண்ணியிருந்தார், ஒருவர் பேக்கப் எடுக்கிறவற்றை, ஒருவர் அறையில் நிற்கும் பெட்டிகளை. இயக்குநர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கீழே கோடு போட்டார். "இதுல எது சரின்னு பாத்துச் சொல்லுங்க, அப்புறம் விலை பேசலாம்" என்று எழுந்துவிட்டார். பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரே வளவுக்குள் பல குடித்தனம் இருப்பதுபோல, ஒரு பெரிய சர்வருக்குள் பல மெய்நிகர் சர்வர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆபரேட்டிங் சிஸ்டம், தனி டிஸ்க், தனி ஐபி முகவரி. வெளியே இருக்கும் பெட்டிக்கு ஹோஸ்ட் என்று பெயர், உள்ளே ஓடுவது வி.எம். 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், 2001இல் சர்வர்களுக்கான மென்பொருளைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த ஏற்பாடு அலுவலகங்களுக்குள் நுழைந்தது. அதற்கு முன் புது சர்வர் வேண்டுமென்றால் பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது டீ குடித்து வருவதற்குள் ஒன்றை உருவாக்கிவிடலாம். கணக்கு தப்புவதும் இந்த வசதியால்தான். பெட்டி வாங்கினால் பில் இருக்கும், கேட்டில் பதிவு இருக்கும், சொத்து எண் ஒட்டுவார்கள். வி.எம். ஒன்றை உருவாக்கினால் இதில் எதுவும் கிடையாது. உருவாக்கியவர் வேலையை விட்டுப் போனால், எதற்காக உருவாக்கினார் என்பதும் அவரோடு போய்விடும்.

மாற்றம் பற்றிய பேச்சு எங்கள் ஊரில் மட்டும் நடக்கவில்லை. 2023 நவம்பர் 22 அன்று விஎம்வேரை ப்ராட்காம் நிறுவனம் வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றது. இனிமேல் சந்தா முறைதான். அதுவும் பிராசசரின் கோர் கணக்கில், ஒரு பிராசசருக்குக் குறைந்தது 16 கோர் என்ற கணக்கில். எங்கள் ஹோஸ்ட்கள் பலவற்றில் பிராசசருக்கு 8 கோர்தான். இரண்டு பிராசசர் உள்ள பெட்டியில் உண்மையில் இருப்பது 16 கோர், கட்டணக் கணக்கில் வருவது 32. பெரிய பிராசசர்கள் வைத்திருப்பவர்களுக்கு இந்த விதி உறைக்காது. சிறிய பெட்டிகளாகப் பார்த்துப் பார்த்து வாங்கிச் சேர்த்த எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டே ஆக வேண்டும். போதாததற்கு எங்களிடம் இருந்தது 6.7 பதிப்பு. அதற்கான பொது ஆதரவு 2022 அக்டோபர் 15ஆம் தேதியே முடிந்திருந்தது. எந்தப் பக்கம் போனாலும் நகர வேண்டும். நகர்வதற்கு முன் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

பட்டியல் எடுக்கப் பல வழிகள் உண்டு. எல்லா ஹோஸ்ட்களையும் மேய்க்கும் விசென்டர் திரையிலேயே, கண்ணில் தெரிகிற அட்டவணையைக் கோப்பாக இறக்கும் வசதி இருக்கிறது. ஆனால் திரையில் இருக்கும் அந்த நாலைந்து விவரங்கள்தான் கிடைக்கும். பவர்சிஎல்ஐ என்ற கட்டளைத் தொகுப்பில் ஒரே வரியில் எல்லா மெஷின்களையும் வரவழைத்து சிஎஸ்வி கோப்பில் கொட்டலாம். எது வேண்டும் என்று தெரிந்து கேட்பவருக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. எது வேண்டும் என்றே தெரியாத நிலையில் இருந்த எனக்குக் கைகொடுத்தது ஆர்விடூல்ஸ். நெதர்லாந்தைச் சேர்ந்த ராப் டி வெய் என்ற தனி மனிதர் 2008இலிருந்து எழுதி இலவசமாகக் கொடுத்துவந்த சின்ன விண்டோஸ் மென்பொருள் அது. இப்போது டெல் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. விசென்டரின் முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் எல்லாவற்றையும் வாசித்து ஒரே எக்செல் கோப்பாகத் தந்துவிடும். மெஷின்களுக்கு ஒரு ஷீட், டிஸ்க்குகளுக்கு ஒன்று, நெட்வொர்க் கார்டுகளுக்கு ஒன்று, ஸ்நாப்ஷாட்டுக்கு ஒன்று, ஹோஸ்ட்டுக்கு ஒன்று, மெஷின்களின் கோப்புகள் இருக்கும் டேட்டாஸ்டோருக்கு ஒன்று என்று இருபதுக்கு மேல் ஷீட்கள். சொந்தத் தேவைக்காக ஒருவர் செய்த கருவி இத்தனை ஆண்டுகள் உலகம் முழுக்க உழைத்திருக்கிறது. அவருக்கு என் நன்றி.

இதற்கு அட்மின் கணக்கு வேண்டாம். வாசிக்க மட்டும் உரிமை உள்ள ஒரு கணக்கை விசென்டரில் உருவாக்கினால் போதும். அந்த உரிமையை விசென்டர் திரையில் தெரியும் மரத்தின் உச்சியில் கொடுக்க வேண்டும், கீழே உள்ள எல்லாவற்றுக்கும் பரவட்டும் என்ற பெட்டியையும் டிக் செய்ய வேண்டும். டிக் செய்யாவிட்டால் பிழை என்று எதுவும் சொல்லாது. பட்டியல் குறைவாக வரும், அவ்வளவுதான். பிழைச் செய்தியே இல்லாமல் குறைந்து வரும் பட்டியலைப் போல ஆபத்தானது இந்த வேலையில் வேறில்லை. அதனால் வந்த வரிகளை ஹோஸ்ட் வாரியாக எண்ணி, ஒவ்வொரு ஹோஸ்டின் திரையிலும் தெரியும் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பிறகே அடுத்த வேலைக்குப் போனோம்.

கோப்பு வந்த அன்று சாயங்காலம் என்னுடன் வேலை செய்த தம்பி, "அக்கா, முடிஞ்சுதுங்களே!" என்றான். அவனுடைய மகிழ்ச்சி எனக்கும் இருந்தது. இயக்குநரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: இருநூறுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு வரியாக வாசிக்கத் தொடங்கியபோதுதான் வேலையின் கனம் தெரிந்தது.

முதலில் டிஸ்க். டிசைன் பிரிவின் ஃபைல் சர்வருக்கு ஒதுக்கியிருந்தது 500 ஜிபி. டேட்டாஸ்டோரில் அது எடுத்துக்கொண்டிருந்தது 460. உள்ளே விண்டோஸ் கணக்குப்படி கோப்புகள் இருந்தது 90 ஜிபிக்கு. மூன்றும் மூன்று ஷீட்டில், மூன்றும் சரி. தேவைக்கேற்ப வளரும் டிஸ்க், கோப்புகளை அழித்தால் தானாகச் சுருங்குவதில்லை. பழைய டிசைன்களை எப்போதோ துடைத்திருக்கிறார்கள், இடம் மட்டும் திரும்பி வரவில்லை. ஒதுக்கிய கணக்கை வைத்துப் புது ஸ்டோரேஜ் வாங்கினால் காசு வீண். உள்ளே இருக்கும் கணக்கை வைத்து வாங்கினால், நகர்த்தும் நாளில் இடம் போதாது. எந்தக் கேள்விக்கு எந்த எண் என்று பிரித்துக்கொண்டோம். வாங்குவதற்கு ஓர் எண், நகர்த்த எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்பதற்கு ஓர் எண், மூன்றாண்டு வளர்ச்சிக்கு ஓர் எண். இன்னொன்று: இந்தக் கோப்பு 1,024இன் மடங்கில் கணக்கிடும், ஸ்டோரேஜ் விற்பவர்கள் 1,000இன் மடங்கில் சொல்வார்கள். 20 டெராபைட் என்று கொட்டேஷனில் வருவது இந்தக் கணக்கில் 18க்குச் சற்று மேல்தான். கொட்டேஷனை ஒப்பிடுகிறவர்கள் இதை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இரண்டு பத்தி உண்டு. உருவாக்கும்போது எழுதிவைத்தது ஒன்று, மெஷினுக்குள் ஓடும் விஎம்வேர் டூல்ஸ் சொல்வது இன்னொன்று. ஒரு மெஷினில் முதல் பத்தி விண்டோஸ் 2008 என்றது, இரண்டாவது பத்தி 2012 ஆர்2 என்றது. இடையில் யாரோ மேம்படுத்தியிருக்கிறார்கள், அமைப்பில் மாற்றவில்லை. டூல்ஸ் ஓடாத மெஷின்களில் இரண்டாவது பத்தி வெறுமையாக இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. விண்டோஸ் 2012 ஆர்2க்கான ஆதரவு 2023 அக்டோபர் 10இல் முடிந்துவிட்டது, சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30 கடைசி நாள். இந்த வரிகளை அப்படியே தூக்கிப் புது வீட்டில் வைப்பதா, புதிதாகக் கட்டுவதா என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டும் இல்லை. அந்த மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா என்பதையும் பொறுத்தது.

ஸ்நாப்ஷாட் ஷீட்டைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஒரு மாற்றம் செய்வதற்கு முன் மெஷினின் நிலையை நிறுத்திவைப்பதுதான் ஸ்நாப்ஷாட். 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது விஎம்வேரின் அறிவுரை. எங்கள் ஷீட்டில் 2019ஆம் ஆண்டு தேதி போட்ட வரிகள் இருந்தன. அன்றிலிருந்து எழுதப்பட்டதெல்லாம் தனிக் கோப்பாகச் சேர்ந்து சேர்ந்து மூல டிஸ்க் அளவுக்கு வளர்ந்திருந்தது. அவற்றை ஒன்றிணைக்காமல் நகர்த்தக் கூடாது. ஒன்றிணைக்க ஆரம்பித்தால் மணிக்கணக்கில் ஓடும், நடுவில் மெஷின் திணறும். இரவு ஷிப்ட் இல்லாத நாட்களாகப் பார்த்து, முதலில் முழு பேக்கப் எடுத்து, அதைத் திருப்பி ஏற்றியும் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகச் செய்தோம்.

யுஎஸ்பி ஷீட்டில் ஒரே ஒரு வரி. அதைத் தாண்டிப் போயிருந்தால் ஆடைப் பிரிவு நின்றிருக்கும். துணியில் பேட்டர்ன் வெட்டும் கேட் (CAD) மென்பொருளின் லைசென்ஸ் டாங்கிள் அது. ரேக்கின் பின்பக்கம், ஒயர்களுக்கு நடுவே, ஒரு ஹோஸ்டில் செருகியிருந்த விரல்நீளத் துண்டு. அந்த மெஷினைப் புதுப் பெட்டிக்கு அனுப்பும்போது டாங்கிளையும் கழற்றிக் கையோடு கொண்டுபோய்ச் செருகி, அந்த மெஷினுக்கே அது தெரியும்படி அமைக்க வேண்டும். இன்னொரு மென்பொருளின் லைசென்ஸ் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியோடு கட்டப்பட்டிருந்தது. நெட்வொர்க் ஷீட்டில் அந்த முகவரி இருந்ததால், புது இடத்திலும் அதையே கொடுத்து ஓட்ட முடிந்தது.

எக்செல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பவர்சிஎல்ஐ கொடுத்த சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் நேராகத் திறந்தால், மாதப் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த பெயர்களை அது தேதி என்று எடுத்துக்கொள்ளும். வருட முடிவுக் கணக்குக்காக உருவாக்கி அப்படிப் பெயர் வைத்த மெஷின் ஒன்று எங்களிடம் இருந்தது. பட்டியலில் அது மார்ச் 19 ஆகிவிட்டது. இதே சிக்கலால், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020இல் சில மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது. ஆகவே சிஎஸ்வியைத் திறக்காதீர்கள், பத்திகளை எழுத்து வகை என்று குறிப்பிட்டு இறக்குமதி செய்யுங்கள்.

இவ்வளவும் மெஷின் சொன்ன கதை. மெஷின் சொல்லாதது ஒன்று உண்டு. விசென்டரில் ஒவ்வொரு மெஷினுக்கும் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறது, பட்டியலிலும் அது ஒரு பத்தியாக வரும். எங்கள் கோப்பில் அந்தப் பத்தி மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய வெறுமை. ஒரு மெஷின் எத்தனை மெமரி தின்கிறது, எந்த டேட்டாஸ்டோரில் படுத்திருக்கிறது என்பதெல்லாம் கடைசி எண்வரை தெரிகிறது. அது நின்றால் யார் நமக்கு போன் செய்வார்கள் என்பது தெரியவில்லை. இடமாற்றத் திட்டத்துக்கு முதலில் வேண்டியது அந்தப் பெயர்தான்.

அதனால் கோப்பின் வலப்பக்கம் நாங்களே பத்திகளைச் சேர்த்தோம். யாருக்கான மெஷின், என்ன வேலை, எதோடு சேர்ந்து போக வேண்டும், எப்போது நிறுத்தலாம், என்ன முடிவு. பெரிய தாளில் அச்செடுத்து, துறை துறையாகப் போய் உட்கார்ந்தோம். மெயில் அனுப்பிக் கேட்டிருக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். மெயிலில் "எல்லாம் தேவை" என்ற ஒரே பதில்தான் வரும். ஆளுக்கு எதிரே தாளை விரித்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போனால்தான் கதை வெளியே வரும்.

கணக்குப் பிரிவில் ஓய்வுபெறும் வயதைத் தாண்டியும் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் இருந்தார். பட்டியலில் வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு மெஷின். விண்டோஸ் எக்ஸ்பி. அணைந்த நிலை. எப்போது கடைசியாக ஓடியது என்று தெரியவில்லை. எங்கள் பென்சில் குறிப்பு "நீக்கலாம்" என்றிருந்தது. பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணருகே பிடித்து, அந்த எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

"ஏனுங்க அம்மணி, இது நம்ம பழைய கணக்கு மெஷினாட்ட இருக்குது? இந்த நம்பரு அந்தப் பொட்டி மேல ஒட்டியிருந்த நம்பருங்க."

"எந்தப் பொட்டிங்கய்யா?"

"ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னால ஃபாக்ஸ்ப்ரோல கணக்கு ஓட்டுனமில்லீங்க, அந்தப் பொட்டி. ஸ்க்ராப்புக்குப் போட்டப்ப உள்ள இருக்கறத அப்படியே சர்வருக்குள்ள ஏத்திட்டேன்னு உங்களுக்கு முன்னால இருந்த தம்பி சொன்னாரு. இத அழிச்சிறாதீங்க. வாட் காலத்து பில்லு பூராவும் இதுலதானுங்க. அப்பீலு ஒண்ணு இன்னும் நிக்குதில்லீங்க."

தமிழ்நாட்டில் வாட் வரி 2007 ஜனவரியில் வந்தது, 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. அந்தப் பத்தாண்டுக் கணக்கு, பேக்கப் பட்டியலிலேயே இல்லாத, அணைத்துப்போட்ட ஒரு மெஷினுக்குள் இருந்தது. கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. வழக்கு நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை யார்தான் தூக்கிப் போடுவார்கள்? மெஷினைக் கிளப்பினோம். பெரியவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, மவுஸைத் தொடாமலே இரண்டு மெனு இறங்கி, ஒரு பில்லை வரவழைத்துக் காட்டினார். அந்த இடத்திலேயே தாளில் "நீக்கலாம்" என்பதை அடித்து "கட்டாயம், கணக்குப் பிரிவு" என்று எழுதினேன். அதன் டிஸ்க் பழைய ஐடிஇ வகையாக இருந்ததால், புது இடத்தில் சிரமமில்லாமல் எழுந்தது. நெட்வொர்க்கைத் துண்டித்தே வைத்தோம். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றுபோனது, அதை இன்னொரு மெஷினோடு பேச விடக் கூடாது.

அணைந்து கிடக்கிறது என்பதை வைத்து ஒரு மெஷினைத் தேவையில்லை என்று முடிவுகட்டும் வழக்கம் எங்கள் தொழிலில் பரவலாக இருக்கிறது. திட்டத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டியவர்களுக்கு அது வசதி. அது தப்பு என்று அன்றிலிருந்து யாரிடமும் தயங்காமல் சொல்கிறேன். அணைந்த மெஷின், இன்னும் கேட்கப்படாத கேள்வி, அவ்வளவுதான். இதன் மறுபக்கமும் பார்த்தோம். இரவு பகலாக ஓடிக்கொண்டு, மெமரியைத் தின்றுகொண்டு, யாருக்குமே வேண்டாத மெஷின்களும் இருந்தன. என்றோ ஒரு டெமோவுக்காக உருவாக்கியவை, எழுதியவரே கைவிட்ட மென்பொருளின் சோதனைப் பிரதிகள். துறைத் தலைவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, முதலில் நெட்வொர்க்கைத் துண்டித்து, ஒரு மாதக் கணக்கு முடிப்பு தாண்டும்வரை பொறுத்துப் பார்த்து, பிறகே அணைத்தோம்.

நெசவுப் பிரிவில் வேறு பாடம். ஒவ்வொரு தறியிலும் உள்ள கன்ட்ரோலர், எத்தனை மீட்டர் ஓடியது, எத்தனை முறை நூல் அறுந்து நின்றது என்பதை ஒரு சர்வருக்கு அனுப்பும். பட்டியலில் அது ஒரு வரி, நெட்வொர்க் ஷீட்டில் ஓர் ஐபி முகவரி. புது இடத்தில் வேறு முகவரி கொடுத்தால் என்ன என்று கேட்டதற்கு வீவிங் மாஸ்டர் எங்களைத் தறிக்கூடத்துக்கே அழைத்துப் போனார். இரைச்சலில் பேச முடியாது. ஒரு தறியின் பேனலைத் திறந்து, சின்னத் திரையில் அந்த முகவரியைக் காட்டி, பிறகு கையை நீட்டி வரிசையாக நின்ற தறிகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் போய்க் கையால் மாற்ற வேண்டும். வெளியே வந்ததும் தாளில் அந்த முகவரியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டேன்: மாறக் கூடாது. 2024 தீபாவளி விடுமுறைக்கு ஆலை நின்றபோதுதான் அந்த மெஷினை நகர்த்தினோம்.

எந்த மெஷின் எதோடு பேசுகிறது என்பதையும் இந்தப் பட்டியல் சொல்லாது. ஒவ்வொரு வரியும் தனியாக நிற்கும். சம்பள மென்பொருள் ஒரு மெஷின், அதன் டேட்டாபேஸ் வேறு மெஷின், வருகைப் பதிவு எடுத்துவரும் சர்வீஸ் மூன்றாவது மெஷின். மூன்றும் ஒரே இரவில் சேர்ந்து போக வேண்டும், இல்லையென்றால் மூன்றையும் தொடக் கூடாது. ஃபயர்வால் பதிவுகளையும் மெஷின்களுக்குள் திறந்திருக்கும் இணைப்புகளையும் பார்த்து, கூட்டாளிகளைக் கண்டுபிடித்துக் குழுக்களாகக் கட்டினோம். நகர்த்தும் வரிசை அதிலிருந்துதான் பிறந்தது.

உச்சச் சுமையும் அப்படியே. எடுத்த நிமிடத்தில் மெஷின் எப்படி இருந்தது என்பதைத்தான் கோப்பு காட்டும். பழைய அளவுகள் விசென்டரில் இருக்குமே என்றால், அது தன் வழக்கமான அமைப்பில் ஐந்து நிமிட அளவுகளை ஒரு நாள்தான் வைத்திருக்கும். அதற்கப்புறம் அரை மணிச் சராசரி ஒரு வாரம், இரண்டு மணிச் சராசரி ஒரு மாதம், நாள் சராசரி ஒரு வருடம். சம்பளக் கணக்கு ஓடும் முக்கால் மணி நேரத்தில் பிராசசர் முட்டிக்கொண்டு நிற்பது, அடுத்த மாதம் பார்த்தால் சராசரியில் கரைந்துபோயிருக்கும். ஒரு மாதக் கணக்கு முடிப்பு, ஒரு சம்பள நாள், மார்ச் 31 மூன்றையும் நாங்களே தனியாகப் பதிந்துகொண்டோம். புதுப் பெட்டிகளின் அளவை முடிவு செய்தது அந்தப் பதிவுகள்தான்.

இன்னொரு விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. மாறப்போகிறோம் என்று தெரிந்ததும் விற்பனையாளர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "அந்த எக்செல் கோப்பை அனுப்புங்க, நாளைக்கே கொட்டேஷன் தர்றோம்" என்பதுதான். கோப்பில் மெஷின் பெயர்கள், ஐபி முகவரிகள், எது எவ்வளவு பழைய விண்டோஸ், எந்த நெட்வொர்க்கில் எது என்று எல்லாமே இருக்கின்றன. உள்ளே புக நினைப்பவனுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது. கொட்டேஷன் போட அவர்களுக்கு வேண்டியது கோர், மெமரி, டிஸ்க், ஆபரேட்டிங் சிஸ்டம் இவ்வளவுதான். பெயர்களை எடுத்துவிட்டு வரிசை எண் போட்டு, முகவரிப் பத்திகளை அழித்து, அந்த நாலு விவரத்தை மட்டும் கொடுத்தோம். யாரும் கொட்டேஷன் தர மறுக்கவில்லை.

கடைசியில் நாங்கள் மாறிப் போன தளம் புராக்ஸ்மாக்ஸ். வியன்னாவில் உள்ள நிறுவனம் லினக்ஸில் உள்ள கேவிஎம் என்ற மெய்நிகர் வசதியின் மீது கட்டியது. விஎம்வேர் ஹோஸ்டிலிருந்து மெஷின்களை நேராக இழுத்துக்கொள்ளும் வசதியை 2024இல் அதில் சேர்த்திருந்தார்கள். எங்களுக்கு அது நல்ல காலம். விண்டோஸ் மெஷின்களில் புது டிஸ்க் வகைக்கான டிரைவரைப் புறப்படும் முன்பே ஏற்றிவைத்தோம். லினக்ஸ் மெஷின்களில் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறும் என்பதால் அந்த அமைப்பையும் முன்கூட்டியே எழுதிவைத்தோம். நகர்த்திய நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பட்டியல் சரியாக இருந்தால் நகர்த்துவது கூலிவேலைதான்.

சர்வர் பார்க்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. இன்று நீங்கள் உருவாக்கும் வி.எம்.மின் குறிப்புக் கட்டத்தில் யாருக்காக, எந்த வேலைக்கு, எதுவரைக்கும் என்ற மூன்றையும் எழுதிவிட்டு மூடுங்கள். ஆளின் பெயரை மட்டும் எழுதாதீர்கள், ஆள் மாறுவார், பிரிவையும் எழுதுங்கள். ஏற்கெனவே ஓடுகிறவற்றுக்கு, இடமாற்றம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பட்டியலை இப்போதே இறக்கி அச்செடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போங்கள். பழைய ஆட்கள் ஓய்வுபெறுவதற்குள் போங்கள்.